முறுக்கு டின்னும் மஞ்சப்பையும்



போன வாரம் 2006-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். "டீச்சர், அப்பாவும் அம்மாவும் முதல்தடவையா எங்கிட்ட மெல்பர்ன் வர்றாங்க. கைப்பையில என்னென்ன வைக்கச் சொல்லட்டும்? நீங்கதான் அமெரிக்கா போயிட்டு வந்திருக்கீங்களே." பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரியில் முடியவில்லை. நாங்கள் போய்வந்தது எல்லோருக்கும் தெரியும். போகும் வழியில் நடந்தது வீட்டில் நாலைந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். இவரிடம் கேட்டேன். "எழுதேன், யாருக்காவது உதவும்னா எழுது. ஆனா முறுக்கை மறைக்காம எழுதணும்" என்றார். எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்.

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. மன்னார்குடியிலிருந்து முதல் நாளே கிளம்பி, தாம்பரத்தில் நாத்தனார் வீட்டில் தங்கி, காலையில் சென்னை விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். சென்னையிலிருந்து துபாய், அங்கே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து நியூயார்க். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். இவருக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை, எட்டு வருடமாக இன்சுலின். காலையில் 24 யூனிட், இரவு 16. அதற்கென்று ஒரு நீலப் பை வைத்திருந்தேன். இன்சுலின் குப்பிகள், சிரிஞ்சுகள், சர்க்கரை பார்க்கும் மெஷின், மற்ற மாத்திரைகள், டாக்டர் சீட்டு, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில். மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், "அந்தப் பை கையிலதான் இருக்கணும்மா" என்று. கையில்தான் இருந்தது, கவுன்ட்டர் வரைக்கும்.

கவுன்ட்டரில் கைப்பையையும் தராசில் வைக்கச் சொன்னார்கள். ஏழு கிலோதான் அனுமதி. எங்கள் பை ஒன்பது கிலோவைத் தாண்டியது. பின்னால் நீண்ட வரிசை. ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். மேலே முறுக்கு டின். பேத்திக்காக இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றிய கைமுறுக்கு. அதற்கடியில் நீலப் பை. முறுக்கைச் சூட்கேஸில் போட்டால் தூளாகிவிடும். நீலப் பைக்கு ஒன்றும் ஆகாது, ராத்திரி ஒரு வேளை ஊசி கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன, போய் இறங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். முப்பத்தொரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளின் கணக்கு அது. நீலப் பையை எடுத்துச் சூட்கேஸில் திணித்துப் பூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சூட்கேஸ் பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது.

துபாயில் இறங்கியபோதே வானம் கறுத்துக் கிடந்தது. அன்றைக்கு அங்கே பெய்த மழையைச் செய்தியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1949-இலிருந்து அந்த நாட்டில் மழைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த 75 வருடத்தில் அப்படி ஒரு மழை இல்லையாம். அல் ஐன் பக்கம் ஓர் இடத்தில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல். நம் டெல்டாவிலேயே அது பெரிய மழை. பாலைவனத்தில் கேட்க வேண்டுமா? ஓடுபாதையில் தண்ணீர். பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே முதலில் தாமதம், பிறகு இன்னும் தாமதம், விடியற்காலையில் ரத்து. எந்த நிறுவனம் என்றெல்லாம் கேட்காதீர்கள். அந்த வெள்ளத்தில் யார் எதைச் செய்ய முடியும்? சூட்கேஸைத் திருப்பிக் கேட்டேன். நிலையத்தின் அடியில் எங்கோ ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு கிடக்கிறது, இப்போது எடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு ஊசி இல்லை. காலையிலும் இல்லை. தரையில் ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றிலும் வரிசை. குளிரோ, சொல்ல முடியாது, வெளியில் வெள்ளம் என்பதே மறந்துபோகும் ஏசி. நான் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் பசிக்கிறது என்றார். கையில் இருந்தது முறுக்கு. ஆறு தின்றார். அரிசி மாவு என்று நான் தடுக்கவில்லை, வேறு என்ன கொடுப்பது?

17-ஆம் தேதி பதினோரு மணி வாக்கில் கவனித்தேன். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறார், கழிப்பறைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். எரிந்து விழுகிறார். அதற்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினார். எழுப்பினால் கண்ணைத் திறந்து "கும்பகோணம் வந்துடுச்சா?" என்றார். அப்போதுதான் எனக்குக் கைகால் நடுங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான்காரப் பையன் ஒருவன் எழுந்து ஓடி ஒரு சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்தான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவன்தான் நிலையத்துக்குள் இருந்த மருத்துவ மையம் வரை கொண்டுவிட்டான். விரலில் குத்திப் பார்த்தார்கள். 418.

டாக்டர் கேட்டார், என்ன இன்சுலின்? நான், "24, 16" என்றேன். அவர் திரும்பவும், பெயர் என்ன, எந்த வகை, கலவையா, எத்தனை சதவீதம் என்று கேட்டார். எட்டு வருடமாக வாரம் பதினான்கு தடவை என் கையால் போடுகிறேன், வாயில் பெயர் வரவில்லை. சீட்டு? நீலப் பையில். நீலப் பை? சூட்கேஸில்.

மகளைக் கூப்பிடலாம் என்றால் அங்கே விடிகாலை மூன்று மணி, போனை எடுக்கவில்லை. என் போனில் சார்ஜ் 11 சதவீதம். எங்கள் சார்ஜர் அங்கே உள்ள பிளக்கில் சேராது, அங்கே பட்டையான மூன்று முள். விமான நிலைய வைஃபையில் வாட்ஸ்ஆப் மட்டும் வந்தது. மன்னார்குடியில் நாங்கள் மருந்து வாங்கும் கடையை நடத்துவது நம் பள்ளி மாணவிதான். படிக்கும்போது இயற்பியலில் சுமார். அவளுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அழுதுகொண்டே பேசியிருக்கிறேன், பிறகு கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்றே நிமிடத்தில் பதில் வந்தது. எங்கள் கடைசி பில்லின் படம், இன்சுலின் டப்பாவின் படம் இரண்டு பக்கமும், டாக்டர் சீட்டின் நகல், எல்லாம். டப்பா படத்தில் ஓரிடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். "டீச்சர், நம்மளோடது 40. அங்க 100 இருக்கும். டாக்டர்கிட்ட இதை அவசியம் காட்டுங்க."

இந்த 40, 100 விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். வீட்டில் ஊசி போடுகிறவர் இருந்தால் இரண்டு தடவை படியுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பல வெளிநாடுகளில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. (பேனாவில் போடுவது இங்கேயும் 100தான்.) இவருக்கு 24 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 24 என்ற கோடு வரை இழுத்தால் 0.6 மில்லி வரும். உள்ளே 40 மருந்து இருந்தால் அது 24 யூனிட். அதே கோடு வரை 100 மருந்தை இழுத்தால் 60 யூனிட், இரண்டரை மடங்கு. சர்க்கரை தடதடவென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார், உயிருக்கே ஆபத்து. என் ஹேண்ட்பேக்கில் முதல் நாள் மீந்த சிவப்பு மூடிச் சிரிஞ்ச் ஒன்று கிடந்தது. மருந்து மட்டும் கொடுத்தால் நானே போட்டுவிடுவேன் என்று அதை எடுத்து நீட்டினேன். அங்கிருந்த மலையாளி நர்ஸ் அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்து, "அம்மே, இது இவிடே வேண்டா" என்று குப்பையில் போட்டார். கோபம்கூட வந்தது எனக்கு. ஏன் என்று புரிந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் சர்க்கரை இறங்கியது. இவர் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "முறுக்கு மிச்சம் இருக்கா?" அந்த நர்ஸுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேற்கொண்டு தேவைப்படும் என்று பேனா இன்சுலினும் ஊசிகளும் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கப் போனால் என் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யவில்லை. அதைச் செயல்படுத்த ஓடிபி வர வேண்டும், நம் ஊர் சிம்முக்கு அங்கே ரோமிங் இல்லை. இவர் சட்டையின் உள்பையில் மகள் முந்தின தடவை வந்தபோது கொடுத்த நூறு டாலர் நோட்டு ஒன்று மடித்து வைத்திருந்தார். எதற்கென்றே தெரியாமல் இரண்டு வருடம் பீரோவில் கிடந்த நோட்டு.

18-ஆம் தேதி இரவு எங்களுக்கு விமானம் கிடைத்தது. சூட்கேஸ் ஒன்பது நாள் கழித்து நியூஜெர்சி வந்து சேர்ந்தது. நீலப் பையைத் திறந்து குப்பியை உருட்டிப் பார்த்தேன். மருந்து கலங்கவில்லை, கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்டுப்போய்விட்டது. வழியில் எங்கே வெயிலில் கிடந்ததோ, எங்கே உறைந்ததோ. உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலை செய்யாது. சரக்கு வைக்கும் பகுதியில் அந்த ஆபத்து உண்டு என்பதால்தான் அதைப் பெட்டியில் போடாதே என்கிறார்கள். கையில் இருந்தால் ஐஸ்கூட வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நாலு வாரம் தாங்கும்.

இதற்கப்புறம்தான் மஞ்சப்பை வந்தது.

மகள் இணையத்தில் 'சர்வைவல் கிட்' என்று ஏதோ காட்டினாள். விசில், திசைகாட்டி, தீப்பற்ற வைக்கும் கல், பன்னிரண்டு வேலை செய்யும் கத்தி. கத்தியை செக்யூரிட்டியே வாங்கிக்கொள்வார்கள். (என் நாத்தனார் 2015-இல் சிங்கப்பூர் போனபோது சுருக்குப்பையில் பாக்குவெட்டியோடு போய் நின்றவர். அது அவர் மாமியார் கொடுத்த பித்தளைப் பாக்குவெட்டி. இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றமாட்டாமல் இருக்கிறார். அண்ணி, இதைப் படித்தால் மன்னிக்கவும்.) காட்டில் விழுந்து பிழைக்கப் போவதில்லை நாம். நாம் மாட்டிக்கொள்வது வெளிச்சமான, ஏசி போட்ட, ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில். அங்கே நடுராத்திரியில், பாஷை பிடிபடாமல், பணம் செல்லாமல், இரண்டு கிழங்கள் எதை வாங்க முடியாதோ அதுதான் பையில் இருக்க வேண்டும். அப்படி யோசித்தால் பை மிகச் சிறியதாகிவிடுகிறது.

'மீண்டும் மஞ்சப்பை' என்று 2021-இல் அரசு ஆரம்பித்தார்களே, அந்தச் சமயம் ஒரு விழாவில் கொடுத்த பை வீட்டில் கிடந்தது. அதைப் பிரித்து, உள்ளே இரண்டு அறை வைத்து, குறுக்கே தோளில் மாட்டும்படி நாடா தைத்தேன். கைப்பைக்குள் வைக்கும் பை அல்ல இது, உடம்போடு இருக்கும் பை. இது ஏன் முக்கியம் என்று திரும்பி வரும்போது தெரிந்தது. விமானத்தில் ஏறும் வாசலில், மேலே இடமில்லை என்று கைப்பையையும் வாங்கிக் கீழே அனுப்பிவிட்டார்கள். பலருக்கும் நடப்பதுதான். பக்கத்தில் ஒரு அம்மா அவசர அவசரமாக மாத்திரையைத் தேடிப் பையைக் குடைந்துகொண்டிருந்தார். நான் பேசாமல் கொடுத்துவிட்டு ஏறினேன்.

உள்ளே முதலில் மருந்து. போகும் நாளுக்கு மட்டுமல்ல, கூட ஒரு வாரத்துக்கு. டப்பாவில் பிரித்துப் போடாமல் பெயர் தெரியும் அட்டையோடு. இன்சுலின் என்றால் முழுவதும் கையில்தான், பெட்டியில் ஒரு குப்பிகூட வேண்டாம். அந்த மருந்துக்கேற்ற சிரிஞ்சு அதனோடேயே. சர்க்கரை பார்க்கும் மெஷின். சர்க்கரை இறங்கினால் வாயில் போட நாலு மிட்டாய். மருந்துக்கு 100 மில்லி விதி கிடையாது, ஆனால் கேட்டால் காட்டச் சீட்டு வேண்டும். (அந்த 100 மில்லி விதியே 2006 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது. லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களில் திரவ வெடிபொருள் வைக்கத் திட்டமிட்டவர்களைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் ஊறுகாய் பாட்டிலுக்கும் கேடு வந்தது.)

பிறகு ஒரு தாள், ஒரே தாள். நோயின் பெயர், மருந்தின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், அளவு, ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட், ஒவ்வாமை, மூன்று பேருடைய போன் எண். இவற்றை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கையால் எழுதியது. பாஸ்போர்ட், விசா, சீட்டு இவற்றின் நகல் அதன் பின்னால். போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். போன் செத்துவிட்டால் உங்களில் எத்தனை பேருக்குப் பெற்ற மகளுடைய நம்பர் மனப்பாடம்? எனக்கு அன்று ஞாபகம் வந்த ஒரே எண் நம் பள்ளி ஆபீஸின் பழைய தொலைபேசி எண்.

போனுக்குச் சார்ஜரும் எல்லா நாட்டு பிளக்குக்கும் பொருந்தும் அடாப்டரும். பவர் பேங்க் கட்டாயம் கையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், அடியில் யார் பார்ப்பது? கைப்பையை வாசலில் வாங்கினாலும் பவர் பேங்கை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். பின்னால் mAh என்றுதானே போட்டிருக்கிறது என்றால், வகுப்பில் செய்த கணக்குதான்: 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 20 ஆம்பியர்-அவர், பெருக்கல் 3.7 வோல்ட், 74 வாட்-அவர். சரி. 30,000 என்றால் 111, தாண்டிவிட்டது. 2025 முதல் சில நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை, அதனால் ஏறும் முன்பே போனை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் டாலர், சின்னச் சின்ன நோட்டாக. ஒரு மெல்லிய சால்வை. கால் உறை. காலிப் பாட்டில், செக்யூரிட்டி தாண்டியதும் நிரப்பிக்கொள்ளலாம். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, அழுத்தமும் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போல, அதனால் தாகம் தெரியாமலே உடம்பு வற்றும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு (சர்க்கரைக்காரர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு).

சாப்பாடு பற்றி அம்மாமார்களிடம் வாதாட முடியாது, நானும் ஒருத்திதான். முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லி. அதை விடச் சிறந்தது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மாட்டிக்கொண்டால் தாங்க வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை. தயிர், சட்னி, ஊறுகாய் எல்லாம் செக்யூரிட்டி கணக்கில் திரவம்தான். கசகசா மட்டும் எந்தப் பொட்டலத்திலும் வேண்டாம், குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் கணக்கில் வரும். மெல்பர்ன் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது தரும் அட்டையில், உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு பிடி கடலை இருந்தாலும் 'ஆம்' என்றே குறிக்கச் சொல். காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம். கறிவேப்பிலை கொண்டுபோக வேண்டாம், உன் அம்மா கேட்கமாட்டார், நீயே சொல்லிவிடு.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் எழுதி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு ஒட்டும் சீட்டின் துண்டையும் போர்டிங் பாஸையும் மஞ்சப்பையிலேயே வையுங்கள். இடையில் வாங்கிய துணி, மருந்து எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பெட்டி தாமதமாகக் கையில் கிடைத்தால், கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ள விதி அது, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. நாங்கள் கேட்டோம். மருந்துச் செலவு வந்தது.

எடை எவ்வளவு என்பாய். எங்கள் பை ஒரு கிலோ அறுநூறு கிராம். அன்றைக்கு அந்த முறுக்கு டின்னின் எடை இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில்.

அந்த முறுக்கு கடைசியில் பேத்திக்கு எட்டுதான் மிஞ்சியது. அந்தப் பாகிஸ்தான் பையன் மறுநாள் தேடிக்கொண்டு வந்து இவரைப் பார்த்தான், அவனுக்கு ஒரு கை நிறையக் கொடுத்தேன். நர்ஸ் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். மிச்சத்தை அழுதுகொண்டிருந்த யாரோ இரண்டு குழந்தைகளுக்கு இவரே எடுத்துக் கொடுத்தார். இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில ராத்திரி தோன்றும். மருந்துக்கடைக்காரிக்கு ஊர் திரும்பியதும் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன். "பரீட்சைல எனக்கு நீங்க போட்ட மார்க்கு 38 டீச்சர்" என்றாள். என்ன சொல்வது அதற்கு?

சரி, மெல்பர்ன்காரிக்கு. அப்பா சர்க்கரை மாத்திரையா, ஊசியா என்று எழுதவில்லையே நீ? அதைச் சொல். வீட்டில் இன்னும் இரண்டு மஞ்சப்பை இருக்கிறது. இன்பாக்ஸில் ஊர் முகவரி போடு, இந்த வாரமே தைத்துத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். ஜிப் வைப்பதா, பொத்தான் வைப்பதா என்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது. விரல் மூட்டு வலி இருக்கிறவர்களுக்குப் பொத்தான் கஷ்டம்.